ஒத்தக்கையின் கம்பும் தரையில் வைக்காத பையும்

இரண்டு கைகளும் குறையில்லாமல் இருந்தும் வாழ்க்கை முழுவதையும் ஒரே கையால் நடத்திய மனிதர் மாத்தளை மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவரை நாங்கள் ஒத்தக்கை என்போம். வேறு பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். ஆனால் அதைக் கண்டுபிடிக்கத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரே ஆட்களின் பெயரும் சம்பளமும் பதியும் செக்ரோல் புத்தகத்தைப் புரட்ட வேண்டும்.

அவர் தோட்டத்துத் தப்பால்காரர். காலையில் தோட்ட ஆபீஸில் பூட்டிய தபால் பையை வாங்கிக்கொண்டு ஏழு மைல் இறங்கி மாத்தளை தபால் கந்தோருக்கு வருவார். பிற்பகலில் கண்டித் தபால் பிரிக்கப்பட்டதும் அதே பையோடு ஏழு மைல் ஏறுவார். வேலையில் சேர்ந்த முதல் நாள் அன்றைய வெள்ளைக்காரத் துரை அவரிடம் சொன்னாராம்: "பை கையில இருக்கணும். தரையில பட்டுதுன்னா உனக்கு வேலை இல்ல." அந்தத் துரை கப்பலேறிப் போய் எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. தோட்டம் கம்பெனியிடமிருந்து அரசாங்கத்திடம் போய்விட்டது. துரையின் பங்களாவில் குரங்குகூடக் குடியேறிவிட்டது. பை மட்டும் தரையில் படவில்லை.

இடது கையில் பை. வலது கையில் ஐந்தடிக் கம்பு. சாப்பிடும்போது கம்பு அக்குளுக்குப் போகும், பை போகாது. பீடி பற்ற வைக்கத் தீப்பெட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு வலது கையால் உரசுவார். மீசை இரண்டு தடவை கருகியிருக்கிறது. ஒருமுறை மலையில் குளவிக்கூடு கலைந்து ஆட்களெல்லாம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். இவர் மட்டும் பையை மார்போடு அணைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றாராம். முப்பது கொட்டு. கடிதங்களுக்கு ஒன்றுமில்லை. கல்யாணத்தன்று கையில் பை கிடையாது. ஆனாலும் பழக்கத்தில் இடது கை இடுப்பருகே மடங்கியே இருந்ததால், தாலியின் மூன்று முடிச்சையும் அவருடைய தங்கச்சிதான் போட்டாள் என்று நசீர் சத்தியம் செய்வான். நசீர் சத்தியம் செய்வதில் பாதியை நம்பலாம்.

நசீர் மிளகு, கராம்பு வாங்கி விற்கும் கடையொன்றில் வேலை பார்த்தவன். அவனும் நானும், வஹகோட்டையிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் கிளாக்கராக இருந்த பெனடிக்டும், தபால் கந்தோருக்கு எதிரே ஒரு போடிங்கில் தங்கியிருந்தோம். எண்பதுகள் தொடங்கிய காலம். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தேன். என்னைவிட ஆங்கிலம் தெரிந்தவர் அந்தத் தெருவில் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. இந்தக் கதைக்கு அந்த நினைப்புதான் காரணம்.

எங்கள் போடிங்கில் சில மாதங்கள் இருந்த ஒரு வெள்ளைக்கார இளைஞர் ஊருக்குத் திரும்பும்போது எனக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஓர் ஆங்கிலப் புத்தகமும், நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான தாயக்கட்டைகளும் இருந்தன. விளையாட்டு இதுதான். ஒவ்வொருவரும் ஒரு கற்பனை ஆளாக மாற வேண்டும். ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். காடு, குகை, பூதம் எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். நீங்கள் பூதத்தை அடிக்கிறேன் என்று சொன்னால், அடி பட்டதா இல்லையா என்பதைக் கட்டை சொல்லும். கதை நடத்துபவருக்குப் புத்தகத்தில் பெரிய பெயர் ஒன்று போட்டிருந்தது. நான் அதை விளக்கியதும் நசீர், "இது நம்ம கங்காணி வேலைதானே" என்றான். அன்றிலிருந்து நான் ஆட்டக் கங்காணி.

சனிக்கிழமை மத்தியானங்களில் ஆடினோம். அப்படி ஒரு ஆனந்தத்தை நான் பிறகு எந்த ஆட்டத்திலும் கண்டதில்லை. பெனடிக்ட் காயம் ஆற்றும் சாமியார். நசீர் வியாபாரி. பூதம் வாயைத் திறந்தால் நசீர் வாளை எடுக்க மாட்டான், "இந்தக் குகைக்கு வாடகை எவ்வளவு குடுக்கிறீங்க?" என்று பேச்சுக் கொடுப்பான். ஒருமுறை இரண்டு மணி நேரம் பேரம் பேசிப் பூதத்தைக் குகையை விட்டே கிளப்பிவிட்டான்.

கண்டித் தபால் வரும்வரை ஒத்தக்கை எங்கள் ஜன்னலுக்கு வெளியே உள்ள வாங்கில் உட்கார்ந்துதான் காத்திருப்பார். பை மடியில் இருக்கும். ஒரு சனிக்கிழமை நான் ஒரு காவல்காரனை வர்ணித்துக்கொண்டிருந்தேன். கம்பைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வருகிறான் என்றேன். ஜன்னலுக்கு வெளியே இருந்து குரல் வந்தது.

"மாஸ்டர், அவன் செத்தான்."

"ஏன் அண்ணே?"

"அப்படித் தூக்குனா வயிறு தொறந்து கெடக்கும்ல. ஒரு குத்து போதும்."

அடுத்த சனிக்கிழமை ஒத்தக்கை உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எந்த ஆளாக ஆடப்போகிறீர்கள் என்று கேட்டேன். ராசா, மந்திரவாதி, வில்லாளி என்று படம் படமாகக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு, "தப்பால்காரன் இல்லீங்களா?" என்றார்.

சரி, ராசாவின் ஓலை கொண்டுபோகும் ஓட்டக்காரன் என்று ஓர் ஆளை உண்டாக்கினேன். ஆயுதம் கம்பு. இடது கையில் ஓலைப் பை. அங்கேதான் சிக்கல் வந்தது. புத்தகத்தில் கம்புக்கு எதிரே 'இரண்டு கை' என்று போட்டிருந்தது.

"பையைக் கீழே வெச்சுட்டு அடிங்க அண்ணே."

"கீழ வைக்க முடியாதுங்களே."

"கற்பனைப் பைதானே."

"கற்பனைன்னா கனக்காதா மாஸ்டர்?"

பெனடிக்ட் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் சாய்ந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்தடிக் கம்பை ஒரு கையால் பிடித்தால் பலம் கிடைக்காது என்று நெம்புகோல் தத்துவத்தைக் கரும்பலகை இல்லாமலே விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து நின்று தன் கம்பை எடுத்தார்.

"நீங்க சொல்றது நேரா நிக்கிற ஆளுக்குச் சரி மாஸ்டர். ரெண்டு கைன்னா தடுக்கலாம், பலமா அடிக்கலாம். ஆனா கை ரெண்டும் ஒரே எடத்துல மாட்டிக்கும். ஒத்தக் கைன்னா நீளம் கூட. இங்க பாருங்க, கடைசி முழத்துல புடிச்சா அந்தச் செவரு வரைக்கும் போகும். அடிக்கக்கூடாது, வீசி விடணும். கம்போட கனம்தான் அடிக்கும், நம்ம கை வழி மட்டும் காட்டும். தடுக்க முடியாதுதான். அதுக்குத்தான் காலு இருக்கு."

சொல்லிக்கொண்டே அந்தச் சின்ன அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். பை அசையவில்லை. விளக்குச் சிமினியும் தப்பியது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போகும் குறுக்குப் பாதையில் ஒரு மாலையில் வெறிநாய்க் கூட்டம் மறித்ததாகவும், நாலு நாய்களை இப்படித்தான் விரட்டியதாகவும் சொன்னார். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. அதைச் சொல்லாமல் அவர் யாரோடும் அரைமைல் நடந்ததில்லை.

"பரிசோதனை பண்ணிப் பாத்துரலாமே" என்றான் நசீர்.

கடையிலிருந்து பொக்கு மிளகும் தூசியும் அடைத்த ஒரு பழைய சாக்கைக் கொண்டுவந்து போடிங்கின் பின்முற்றத்து மாமரத்தில் கட்டினான். பெனடிக்ட் நடுவர். முதலில் நான், இரண்டு கையாலும், என் தத்துவத்தின் முழு பலத்தோடும் அடித்தேன். சாக்கு ஆடியது. கம்பின் மறுமுனை போடிங்காரம்மாவின் கொடிக்கயிற்றை அறுத்து, ஏழு சேலைகளைச் சேற்றில் போட்டது.

அடுத்து ஒத்தக்கை. பையை இடது இடுப்பில் இறுக்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தார். கம்பு எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை. 'படார்' என்ற சத்தம்தான் கேட்டது. சாக்கு நடுவில் பிளந்தது. ஒரு கறுப்பு மேகம் எழும்பி, மதிலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. நாங்கள் நால்வரும் தும்மினோம். போடிங்காரம்மா திட்டுவதற்கு வாயைத் திறந்து தும்மினார். தபால் கந்தோர் வரிசை முழுவதும் தும்மியது. நாவுலவுக்குப் போகும் பஸ் அப்போதுதான் புறப்பட்டிருந்தது. கொண்டக்டர் தும்மிய தும்மலை விசில் என்று நினைத்து சாரதி பிரேக் போட்டார் என்றும், பஸ்ஸிலிருந்த கோழி ஒன்று ஜன்னல் வழியே தப்பித்தது என்றும் நசீர் சொன்னான். நான் ஏற்கெனவே சொன்னபடி பாதியை நம்பலாம்.

"தீர்ப்பு?" என்றார் ஒத்தக்கை, கண்ணீரோடு.

பெனடிக்ட் தும்மலுக்கு நடுவே அவரைக் கை காட்டினான். ஆனால் நான் கங்காணி. "சாக்கு பழசு" என்றேன். "எப்படி இருந்தாலும் புத்தகம் புத்தகம்தான்."

மறுநாள் காலையில் புத்தகத்தைத் திறந்தேன். அவருக்கு எதிராக இன்னும் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் திறந்தேன், இதையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கமொன்றின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. பழகியவர் கம்பை ஒரு கையாலும் வீசலாம், அடியின் பலம் ஒன்று குறையும், மற்றக் கையில் விளக்கோ சுமையோ இருக்கலாம். அவ்வளவுதான். ஒத்தக்கை சொன்னது அப்படியே, யாரோ ஒரு வெள்ளைக்காரன் அச்சில் போட்டிருந்தான்.

அடுத்த சனிக்கிழமை சிரித்துக்கொண்டே "அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி" என்றிருக்கலாம். நாலு சொற்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மேசை லாச்சியை இழுத்தேன், உள்ளே ஒரு புதுத் தபால் முத்திரை இருந்தது. அதை நாக்கில் நனைத்து அந்தக் குறிப்பின் மேல் ஒட்டினேன். சரியாக, நேராக, நாலு மூலையும் அழுத்தி ஒட்டினேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு உண்மை பேசுவதைப் பற்றிக் கட்டுரை எழுதக் கொடுத்தேன்.

"மாஸ்டர், நல்லாப் பாத்தீங்களா? வேற எங்கயாச்சும் எழுதியிருப்பானே" என்று ஒத்தக்கை கேட்டார்.

"எழுதலை அண்ணே."

அதன் பிறகு அவருடைய ஓட்டக்காரன் பட்ட பாடு சொல்லி முடியாது. ஒரு கை என்பதற்காக ஒவ்வொரு அடிக்கும் நான் பத்தைக் கழித்தேன். இருபது முக உருட்டில் பத்தைக் கழித்தால் மிஞ்சுவது என்ன? திருடர்கள் அடித்தார்கள். ஓர் ஆடு முட்டி விழுத்தியது. ஒரு குளத்தில் வாத்து ஒன்று அவரை மூன்று சுற்று துரத்தியது. ஒவ்வொரு தடவையும் "பையை வைக்கிறீங்களா?" என்று கேட்பேன். "இல்லீங்க மாஸ்டர்" என்பார்.

வாத்துக் கதையை நசீர் கடையில் சொன்னான். கடையிலிருந்து லொறியில் ஏறி அது தோட்டத்துக்குப் போனது. ஒரு சனிக்கிழமை ஒத்தக்கை முகம் தொங்கிப்போய் வந்தார்.

"பெரிய கிளாக்கர் ஆபீஸ்ல எல்லாருக்கும் முன்னால கேக்கிறாரு மாஸ்டர். 'ஏன்யா, ஒரு கையில கம்பு வீசவே முடியாதாமே, இங்கிலீசுப் புத்தகத்திலயே போட்டிருக்காமே, அப்ப அந்த நாலு நாயும் புளுகுதானா'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது. நாய் வந்து சாட்சி சொல்லுமா?"

அன்று முதல் அவர் நாய்க் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டார். தப்பால்காரர் வருகிறார் என்றால் லயத்துப் பிள்ளைகள் 'குவாக்' என்று கத்தினார்களாம். விளையாட்டில் நான் ஒட்டிய முத்திரை மலையேறிப் போய் ஒரு மனிதனின் சொல்லை அழித்துவிட்டது. எனக்கு அது புரிந்தது. புரிந்தும் பேசாமல் இருந்தேன். இப்போது சொன்னால் என் ஆங்கிலம் என்ன ஆவது?

பிறகு ஒருநாள், "புத்தகத்தை ஒரு வாரம் தாங்க மாஸ்டர், படம் பாக்கணும்" என்றார். முத்திரை ஒட்டிய பக்கம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. ஆனால் கடித விலாசம் அளவுக்குத்தான் அவருக்கு ஆங்கிலம் தெரியும் என்று தைரியம் சொல்லிக்கொண்டு கொடுத்தேன். தனிச் சாமான் தபால் பைக்குள் போகக்கூடாது என்பதால் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கம்பைக் கையில் பிடித்து நடந்தார். அடுத்த சனிக்கிழமை பேப்பரில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

"படம் ரொம்ப நல்லாருக்கு மாஸ்டர்."

அவ்வளவுதான். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

அன்றைக்கே ஆட்டம். தொங்குபாலத்தின் நடுவில் ஒரு பெரும்பூதம். பெனடிக்ட்டின் சாமியார் மயங்கிக் கிடக்கிறார். நசீரின் பேரம் முறிந்து அவன் மூட்டையோடு தொங்குகிறான். மிச்சம் ஓட்டக்காரன் மட்டும். அந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது. வந்து நின்றவர் கண்டியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எனக்குப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று, சொல்லாமல் கொள்ளாமல் பார்க்க வந்திருக்கிறார்.

"இது சூதா?" என்றார் கட்டைகளைப் பார்த்து.

"இல்ல சேர், இது கதை" என்று நான் உளறி, அவரை உட்கார வைத்து, விளக்கினேன். பத்து நிமிடத்தில் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார். பூதத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அதென்ன, ஒரு கையில் வீசினால் பத்துக் குறையும் என்கிறீர்கள்? நான் சின்ன வயசில் திருவிழாவில் பார்த்திருக்கிறேன், ஒரு கையில் அருமையாக வீசுவார்கள். உண்மையில் அப்படித்தான் புத்தகத்தில் இருக்கிறதா?"

"ஆமா சேர்."

"கொண்டாருங்கள், பார்ப்போம்."

இரண்டு கையையும் நீட்டினார். தலைமை ஆசிரியர். பொடி எழுத்தை விடாத இனம். பின்பக்கத்தில் ஒரு முத்திரை ஒட்டியிருந்தால் நகத்தால் கிளப்பிப் பார்க்காமல் விடமாட்டார். புத்தகத்தை மெள்ளத் தூக்கினேன்.

அப்போது நாற்காலி நகர்ந்தது. ஒத்தக்கை எழுந்து, நீட்டிய அந்த இரண்டு கைகளிலும் தன் தபால் பையை வைத்தார்.

"சேர், இதக் கொஞ்சம் புடிங்க. கீழ மட்டும் வெச்சுறாதீங்க, அரசாங்கத் தபால்."

அந்த இடது கை காலியாக இருந்து நாங்கள் பார்த்ததே இல்லை. தலைமை ஆசிரியரோ அரசாங்கத் தபால் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து, பச்சைக் குழந்தையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டார். புத்தகத்தைத் தொட அவருக்குக் கை இல்லை.

"மாஸ்டர் சொல்றது சரிதாங்க சேர்," என்றார் ஒத்தக்கை. "கம்புன்னா ரெண்டு கைதான். நான்தான் இத்தனை நாளா அடம் புடிச்சேன். கங்காணி, எழுதிக்குங்க. மயங்கிக் கெடக்கிற சாமியார் வயித்து மேல பையை வைக்கிறேன். தரையில இல்ல. கம்ப ரெண்டு கையிலயும் புடிக்கிறேன்."

"வயித்து மேலயா?" என்றான் பெனடிக்ட். "நான் மூச்சு விட வேணாமா?"

"மெதுவா விடு தம்பி."

தன் கம்பை எடுத்து இரண்டு கையாலும் பிடித்து அவர் காட்டிய வீச்சு இருக்கிறதே, அதுவும் குறையில்லாத வீச்சு. மனிதருக்கு இரண்டும் தெரியும். பிறகு கட்டையை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் குலுக்கி உருட்டினார். பத்தொன்பது. பூதம் பாலத்திலிருந்து விழுந்தது. தலைமை ஆசிரியர் பையைத் தூக்கிப்பிடித்தபடி "சபாஷ்" என்றார். நசீர் பக்கத்து அறைக்குக் கேட்கும்படி விசிலடித்தான்.

ஒத்தக்கை உடனே பையை வாங்கிக்கொண்டார்.

"புத்தகம் ஜெயிச்சிருச்சு மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, கண்டித் தபாலுக்குப் போனார்.

தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. அதற்கடுத்து வந்த இனக்கலவரத்தில் போடிங் எரிந்தது. அட்டைப்பெட்டி என் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் இருந்ததால் தப்பியது. ஒத்தக்கையின் குடும்பத்துக்கு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் அரசாங்கக் கடிதம் வந்தது. அதைத் தோட்டத்துக்குச் சுமந்துபோனதும் அவர்தான், பூட்டிய பைக்குள் இருப்பது தெரியாமலே. புறப்பட்ட அன்று பஸ் நிலையத்துக்குப் போனேன். பையைப் புது ஆளிடம் ஒப்படைத்துவிட்டார். இடது கை மட்டும் இடுப்பருகே மடங்கியபடியே இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். "அண்ணே, அந்தப் புத்தகத்துல..." என்றேன்.

"படம் நல்லாருந்துச்சு மாஸ்டர்," என்றார். பஸ் வந்துவிட்டது.

அந்தப் பக்கத்தை நான் பிறகு திறக்கவே இல்லை. வெட்கம். போன மாதம் பேத்தி ட்ரங்குப் பெட்டியைக் கிளறிக் கட்டைகளைக் கண்டெடுத்து, ஆடியே ஆக வேண்டும் என்றாள். விதியைப் பார்க்கப் புத்தகத்தைப் பிரித்தேன்.

முத்திரை இருந்தது. ஆனால் நான் நேராக ஒட்டியது சற்றுச் சாய்ந்திருந்தது. யாரோ ஆவி காட்டிக் கிளப்பி, படித்து, மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். அதன் மேல் பாதியும் தாளில் பாதியுமாக, மாத்தளை தபால் கந்தோரின் வட்ட சீல் பளிச்சென்று விழுந்திருந்தது. திகதி, அவர் புத்தகத்தைக் கொண்டுபோன வாரத்துத் திகதி. சீல் குத்திய கந்தோர்க்காரர்தான் ஒத்தக்கைக்கு அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டியிருப்பார். இரண்டு பேருக்குத் தெரிந்த ரகசியம் ஒன்று மாத்தளையில் வெளியே வராமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

ஆக, தலைமை ஆசிரியரின் கைகளில் பையை வைத்தபோது அவருக்கு எல்லாம் தெரியும். நாய்க் கதையைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஒரு விரல் நீட்டினால் போதும். நீட்டவில்லை.

முத்திரையை நான் எடுக்கவில்லை. எங்கள் வீட்டு ஆட்டத்தில் கம்புக்கு ஒரு கை போதும், எதையும் கழிப்பதில்லை. இப்போது ஓட்டக்காரன் நான்தான். போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன் தாத்தா இடது கையை மடக்கியே வெச்சிருக்கீங்க? வலிக்குதா?"

"இல்லம்மா," என்றேன். "பை இருக்கு."